நீல இலையா, பச்சை இலையா: ஒரு சீட்டிச் சட்டையின் நாட்குறிப்பு

பிப்ரவரி 11, உட்ரெக்ட், நெதர்லாந்து

பழங்கால வாழ்க்கையை அக்கால உடையோடும் கருவிகளோடும் நடித்துக் காட்டும் குழுவில் இருக்கும் டச்சுத் தோழி ஒருவர், 1770களின் நகரத்துப் பெண் அணிந்திருக்கக்கூடிய சீட்டி மேற்சட்டை ஒன்றைத் தைத்துத் தரும்படி கேட்டிருக்கிறார். இங்குள்ளவர்கள் சிட்ஸ் என்பதும் நாம் சீட்டி என்பதும் ஒன்றே: சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றி, கப்பலேறி வந்த பருத்தித் துணி. அவர் டச்சுப் பெண்ணாக நடிப்பது என் நல்லகாலம். இங்கிலாந்தில் 1721ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய துணியை உடுத்துவதையே தடை செய்திருந்தது; பிரான்சிலும் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது. ஒல்லாந்தில் அத்தகைய தடை இல்லாததால், பணக்காரி முதல் பணிப்பெண் வரை தத்தம் வசதிக்கேற்ப வாங்கி அணிந்தார்கள்.

பிப்ரவரி 15

தோழி அனுப்பிய அருங்காட்சியகப் படங்களில் பூக்கள் சிவப்பாகவும் இலைகள் நீலமாகவும் இருக்கின்றன. அதே நிறங்கள்தான் வேண்டும் என்கிறார். லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகத்தில் 2017இல் நடந்த சீட்டிக் கண்காட்சியைப் பார்த்தபோது நானும் அந்த நீல இலைகளின் அழகில் சொக்கி நின்றவள்தான். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை நீலமாகப் பிறந்தவை அல்ல. பச்சைக்கென்று தனிச் சாயம் இல்லாத அக்காலத்தில், நீலமாக வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்த்தெடுத்து, பிறகு அந்த நீலத்தின் மேல் மஞ்சள் சாயத்தைத் தூரிகையால் தடவிப் பச்சையாக்கினார்கள். அவுரி வெயிலையும் வெளுப்பையும் தாங்கி நின்றது, மஞ்சள் நிற்கவில்லை. இருநூற்றைம்பது ஆண்டு வெளிச்சம் எடுத்துச் சென்றது போக எஞ்சியதைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

தோழி நடிப்பது 1775இல் வாழ்ந்த பெண்ணாக என்றால், அவர் உடம்பில் இருக்க வேண்டியது அந்த ஆண்டில் புதிதாக வாங்கிய சட்டை. அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்ததைப்போல அது இருக்கக் கூடாது. இதை எழுதி அனுப்பினேன், பதில் இல்லை.

பிப்ரவரி 20

ஸ்ரீகாளஹஸ்தியில் கலங்காரி எழுதும் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். நல்ல தமிழ் பேசுகிறார். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பதும், பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுப்பதும், இரும்புக் கறுப்பால் கோடு இழுப்பதும் அவருக்கு அன்றாட வேலை. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதத்தில் கடுக்காயும் எருமைப்பாலும் அதே வரிசையில்தான் வருகின்றன. சிவப்புக்குச் சாயவேர் கிடைக்குமா என்று கேட்டேன். இம்பூறல் என்று சித்த மருத்துவர்கள் இரத்த வாந்திக்குக் கொடுக்கும் செடியின் வேர்தான் அது. மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் மெல்லிய வேர்களைத் தோண்டியெடுக்க வேண்டும். இப்போது தேடிப் பிடிப்பது கடினம் என்றார், மஞ்சிட்டிக்குச் சம்மதித்தேன். சிவப்பு தரும் அலிசரின் சாயவேரில் உண்டு, மஞ்சிட்டியில் வேறு சாயப்பொருள்களே மிகுதி என்பதால், சாயல் சற்று மாறும் என்பதைத் தோழியிடம் மறைக்கப் போவதில்லை.

மஞ்சள் மட்டும் தடவ வேண்டாம் என்றேன். "அப்படியென்றால் இலை நீலமாகவே வந்துவிடுமே, அம்மா" என்று தயங்கினார். அவருக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. துணியை நான் இங்கே வெளுக்கும் வேலை முடியும் முன் மஞ்சள் தடவினால் அதுவும் சேர்ந்து போய்விடும்; பிறகு நானே தடவிக்கொள்வேன்.

ஏப்ரல் 9

துணி வந்தது, இரண்டரை மீட்டர். கோடுகளில் கை நடுக்கமே இல்லை. ஆனால் நான் எதிர்பார்த்தபடியே, கடுக்காயின் பழுப்பு நிலத்தில், அதாவது பூவேலைக்குப் பின்னணியான வெற்றிடத்தில், நன்றாக ஏறியிருக்கிறது. நம் கோயில் தொங்கல்களுக்கு அது அழகு. ஐரோப்பியச் சந்தைக்கு ஆகாது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1643இலேயே, இனி அனுப்பும் போர்வைகளில் வெள்ளை நிலம் கூடுதலாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்கள். நம் ஊரில் சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெளுத்தார்கள். ஹார்லெம் நகரைச் சுற்றியிருந்த புல்வெளிகளில் லினன் துணியை விரித்து வெளுத்ததும் ஏறத்தாழ இதே முறைதான்.

சாணத்துக்கு அடுக்குமாடிவாசிகள் சங்கம் இடம் தராது. புல்வெளி மட்டும்.

ஏப்ரல் 26

பதினேழு நாள்களில் ஆறு நாள் வெயில். நிலம் பாலாடை நிறத்துக்கு வந்திருக்கிறது, இது போதும். சிவப்பு அசையவில்லை.

மே 3

படிகார நீரை இலைகளின் மேல் தடவிக் காயவிட்டு, கடுக்காய்ப் பூவைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை இளஞ்சூட்டில் மெல்லிய தூரிகையால் பூசினேன். கடுக்காய்ப் பூ என்பது உண்மையில் பூ அல்ல. பூச்சி கடித்ததால் மரத்தில் உண்டாகும் புடைப்பு. இங்கே கிடைக்கும் வெல்ட் என்ற செடியின் மஞ்சள் இதைவிட நெடுநாள் நிற்கும் என்பது தெரிந்தும் அதைத் தவிர்த்தேன். வெளுக்கும் மஞ்சள்தான் இந்தத் துணிக்கு உரியது. நாற்பத்தேழு இலைகள்; ஒன்றில் சாறு கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. பழைய துணிகளிலும் மஞ்சள் கோட்டைத் தாண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அதைத் திருத்தவில்லை. சோம்பலும் ஒரு காரணம்.

மே 4

தோழி நேரில் வந்தார். பச்சையைக் கண்டதும் முகம் வாடிவிட்டது. திரைச்சீலைத் துணிபோல இருக்கிறது என்றார். நீலமும் வெள்ளையுமாகச் சிவப்பே இல்லாத சீட்டியை ஹிண்டெலோபன் ஊரில் துக்கத்துக்கு அணிந்தார்கள், நிறத்துக்கு அன்று பொருள் இருந்தது என்று பேசிப் பார்த்தேன். பேச்சு எடுபடவில்லை. கடைசியில் துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தியபின்தான் சற்று இளகினார்.

மே 19

தையல். உள்ளே லினன், தேன்மெழுகு தடவிய லினன் நூல், இழுவிசை தாங்கவேண்டிய மூட்டுகளில் பின்தையல், மற்ற இடங்களில் ஓட்டுத்தையல். முன்புறம் பொத்தான் இல்லை. குண்டூசிகளால் பூட்ட வேண்டும். கையடியில் துணி போதாமல் துண்டு வைத்தேன், பூ பொருந்தவில்லை. அக்காலத் தையற்காரிகள் அதைப் பொருட்படுத்தியதில்லை; துணிதான் விலையுயர்ந்தது, கூலி மலிவு.

ஜூன் 1

தோழி தம் பாட்டி வீட்டிலிருந்து வந்த குழந்தைத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய உடையைப் பிரித்து அதன் சீட்டியில் தைத்தது. சிவப்பு இன்றும் பளிச்சென்றிருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடங்கள் மட்டும் ஊசிமுனைத் துளைகளாகக் கிழிந்திருக்கின்றன. இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்து பிறக்கும் அந்தக் கறுப்பு, தான் ஏறிய நூலையே மெல்ல அரித்துவிடுகிறது. துவைக்க வேண்டாம், ஒட்டுப்போட வேண்டாம் என்றேன். அமிலமற்ற மெல்லிய தாளை உள்ளே உருட்டிவைத்து, மடிப்பு விழாமல், இருட்டில் வைக்க வேண்டும். வெளியே வைத்தாலும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது. எங்கள் சட்டையின் கறுப்புக் கோடுகளும் ஒருநாள் இப்படித்தான் ஆகும்.

ஜூன் 23

முதல் நிகழ்ச்சி முடிந்தது. முந்தின நாள் அரிசிக் கஞ்சி போட்டு, மேசைமேல் விரித்துச் சங்கால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியிருந்தேன். வெயிலில் அது பட்டுபோல மின்னியது. வெட்டி எஞ்சிய துணியில் ஒரு துண்டைப் பெட்டியிலும் மற்றொன்றைத் தெற்குச் சன்னலிலும் வைத்திருக்கிறேன். ஏழு வாரத்தில் சன்னல் துண்டின் பச்சை சற்றே நீலம் பாய்ந்திருக்கிறது. தோழிக்குப் படம் அனுப்பினேன். பொறுத்திருக்கிறேன் என்று பதில் வந்தது.

கஞ்சியோடு உள்ளே வைத்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். ஆகவே குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தி, கஞ்சியின்றியே தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதல் நாள் மீண்டும் கஞ்சி போட்டுத் தேய்த்துத் தருவதாக ஏற்பாடு. அரை நாள் வேலை, இரண்டு கைக்கும் வலி. கூலி இன்னும் பேசவில்லை.