கெக்கிலிருந்து பாட்டிலுக்கு: மாங்காய் சோடா அடைத்த அனுபவம்

சித்திரை மாதக் காற்றில் உதிர்ந்து விழும் பெங்களூரா மாங்காயை என்ன செய்வது என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் எல்லா வீடுகளிலும் ஆண்டுதோறும் எழும் கேள்வி. அடிபட்ட காயை மாங்கூழ்த் தொழிற்சாலைகள் எடுப்பதில்லை. ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் போக மீதி மரத்தடியிலேயே கிடந்து அழுகும். எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக அந்தக் காயின் சாற்றில் இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து, கெக்கில் (அழுத்தம் தாங்கும் எவர்சில்வர் பீப்பாய்) ஊற்றிக் கேஸ் ஏற்றி, மாங்காய் சோடாவாகக் குடித்து வருகிறோம். வீட்டில் இருக்கும்வரை கெக்கிலிருந்து குழாய் வழியே டம்ளரில் பிடித்துக் குடிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. பாலக்கோட்டில் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அதையே பாட்டிலில் அடைத்துக் கொண்டு போக வேண்டும் என்று முடிவானபோதுதான், கேஸ் குறையாமல் கெக்கிலிருந்து பாட்டிலுக்கு மாற்றுவது தனி வேலை என்பது புரிந்தது.

கேஸ் ஏற்றிய பானத்தைக் குழாயிலிருந்து நேராகப் பாட்டிலில் பிடித்தால், பாதி நுரையாகப் பொங்கி வெளியே போகும். மீதிப் பாதி மறுநாள் திறக்கும்போது வெறும் இனிப்புத் தண்ணீராக இருக்கும். அழுத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு, அழுத்தம் இல்லாத பாட்டிலுக்குள் விழுந்த கணமே குமிழியாகப் பிரிந்துவிடுவதுதான் காரணம். ஆகவே பானம் உள்ளே வருவதற்கு முன்பே பாட்டிலுக்குள் கெக்கில் இருக்கும் அதே அழுத்தத்தை ஏற்றிவிட வேண்டும். அதற்கென்று இருக்கும் கருவிதான் கவுன்ட்டர் பிரஷர் ஃபில்லர். வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்காகச் செய்யப்படுவது. பெங்களூரிலிருந்து ஒன்றைத் தருவித்துக் கொண்டேன்.

உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது நம் மாநிலத்தில் குற்றம் என்பதால், இந்தக் கருவிக்கு எங்கள் வீட்டில் சோடாவைத் தவிர வேறு வேலை இல்லை. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில். இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அதைக் கொண்டு வந்த இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இங்கே ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பீர்க்காரர்களின் கருவி இந்த மண்ணில் மாங்காய்ச் சாற்றுக்குப் பயன்படுவது ஒரு வகையில் பொருத்தம்தான். போதாததற்கு, பீர்க்காரர்கள் பயன்படுத்தும் 19 லிட்டர் கெக்கே முதலில் குளிர்பான நிறுவனங்கள் தங்கள் சிரப்பை அனுப்புவதற்காகச் செய்ததுதான். அந்த நிறுவனங்கள் பெட்டிக்குள் வைக்கும் பைகளுக்கு மாறிய பிறகு பழைய கெக்குகள் பீர் காய்ச்சுகிறவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கருவி வந்து சேர்வதற்கு முன்பே பாதி வேலை சாற்றில் இருக்கிறது. கேஸ் ஏற்றிய பானத்தில் மிதக்கும் ஒவ்வொரு நாரும் ஒவ்வொரு துணுக்கும் குமிழி பிறக்கும் இடமாகிவிடுகிறது. அது போதாதென்று மாங்காயில் பெக்டின் என்ற பசைப்பொருள் உண்டு. பிறந்த நுரையைச் சீக்கிரம் உடைய விடாமல் அது பிடித்து வைக்கும். தெளிந்த பீரைவிட மாங்காய்ச் சாறு பல மடங்கு பொங்குவதற்கு இவ்விரண்டுமே காரணம். காயைத் துருவிப் பிழிந்த சாற்றைக் கொதி வருமுன் இறக்கி, ஆறவைத்து, மல் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டி, ஒரு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் அசையாமல் வைத்தால் மண்டி அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஓஸ் போட்டு இழுத்துக்கொள்ள வேண்டும். அடியில் நிற்கும் கால் பங்கை விட்டுவிட மனம் வராதுதான். ஆனால் அந்தக் கால் பங்கு கெக்குக்குள் போனால் முக்கால் பங்கும் கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மண்டியை ரசத்தில் சேர்த்தால் நன்றாகவே இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், அதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் எல்லாரும் அறிந்தது. கொதிக்க வைப்பதால் ஃப்ளோரைடு போகாது. அது ஒருபுறம் இருக்க, உப்பு நீரில் உள்ள பைகார்பனேட் மாங்காயின் புளிப்பையும் மட்டுப்படுத்திவிடுகிறது. ஒகேனக்கல் தண்ணீரில் கலந்தபோது கிடைத்த கூர்மையான புளிப்பு போர் தண்ணீரில் கிடைக்கவில்லை.

கேஸ் ஏற்றுவதற்கு, தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்ட பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் கெக்கை நிறுத்தி, 4 டிகிரியில் கரியமில வாயு சிலிண்டரின் ரெகுலேட்டரை 25 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் வைத்துவிடுவேன். பானம் தேவையான கேஸை இழுத்துக்கொள்ள ஒரு வாரம் வரை ஆகும். 4 டிகிரியில் தண்ணீரில் கரையும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதிதான் 30 டிகிரியில் கரையும் என்பதால், குளிர்ச்சி இல்லாமல் இந்த வேலையில் எதுவும் நடக்காது. கோடைக்கால கிருஷ்ணகிரியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் சிலிண்டருக்குள் திரவமாக நிற்பதில்லை. வெயில் ஏற ஏறச் சிலிண்டர் பக்கத்து அழுத்தமானி முள்ளும் ஏறிக் காட்டும். அந்த முள்ளைப் பார்த்துக் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டால் ஏமாற வேண்டியதுதான். தராசில் வைத்து எடை பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி. உணவுக்குரிய தரத்தில் உள்ள கேஸ்தானா என்று கேட்டு வாங்குவதும் முக்கியம். வெல்டிங் பட்டறைக்குப் போகும் சிலிண்டர் இதற்கு ஆகாது.

பாட்டில்களுக்கு ஊரில் முன்பு சோடா கம்பெனி நடத்திய பெரியவரிடம் போனேன். கோலி சோடா காலத்திலிருந்து தொழில் பார்த்தவர். கம்பெனியை மூடிய பிறகும் கிரௌன் மூடி (பல் விளிம்புள்ள தகர மூடி) போடும் கனத்த கண்ணாடி பாட்டில்களைக் கிரேட்டோடு வைத்திருந்தார். தேன் பாட்டில், ஸ்குவாஷ் பாட்டில் போன்றவை உள்ளழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றில் கேஸ் பானத்தை அடைப்பது கையில் வெடியை வைத்துக்கொள்வதற்குச் சமம். பெரியவர் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கழுத்திலும் அடியிலும் விரலை ஓட்டி, சிறு கீறல் இருந்ததைக்கூட ஒதுக்கிவிட்டுத்தான் கொடுத்தார். நான் செய்யப் போவதைக் கேட்டவர், “பாட்டிலு சூடா இருந்தா கேஸு நிக்காது தம்பி. ஐஸுத் தண்ணியில போட்டு எடு. உள்ள ஈரம் இருக்கணும், காஞ்ச பாட்டிலு பொங்கும்” என்றார். எந்தக் கருவியோடும் வரும் கையேட்டைவிடப் பயனுள்ள வாக்கியங்கள் இவை. கோலி சோடாவிலும் உள்ளே ஏறும் கேஸின் அழுத்தம்தான் கோலியைக் கழுத்தில் இருத்தி அடைக்கிறது. பாட்டிலைத் தலைகீழாகச் சுழற்றிய தலைமுறைக்கு இந்த ஃபில்லரின் தத்துவத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கருவியின் அமைப்பு எளியது. பாட்டிலின் அடிவரை எட்டும் நீண்ட எவர்சில்வர் தண்டு, அதன் மேல்பகுதியில் பாட்டில் வாயை அடைக்கும் ரப்பர் கார்க், கேஸுக்கு ஒரு வால்வு, பானத்துக்கு ஒரு வால்வு, பாட்டிலுக்குள் இருப்பதை வெளியே விட ஒரு சிறு திருகு. ரெகுலேட்டரிலிருந்து வரும் ஓஸை ஒரு ‘T’ வடிவ இணைப்பால் இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கெக்குக்கும் மற்றொன்றை ஃபில்லருக்கும் கொடுத்தால், இரு பக்கமும் எப்போதும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். ஓஸின் பெரும்பகுதியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சுருட்டி வைத்தேன். ஃபில்லரின் தண்டைத் தொடங்குவதற்கு முன் ஐஸ் தண்ணீரில் ஊறவிட்டேன். ஜன்னல்களைத் திறந்துவைத்தேன், வெளியேறும் கேஸ் காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் போடாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

துணைக்கு அக்கா மகன் வந்திருந்தான். இரண்டு பேர் வேண்டும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது: 25 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.75 கிலோ, பாட்டில் வாயின் பரப்பைச் சேர்த்துப் பார்த்தால், கார்க்கை மேலே தள்ளும் விசை மூன்று கிலோவைத் தாண்டும். ஒருவர் அதை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். நிரம்பிய பாட்டிலுக்கு மூடி போட இன்னொருவர் தயாராக நிற்க வேண்டும்.

ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்து உதறிய பாட்டிலில் தண்டை அடிவரை இறக்கி, கார்க்கை அழுத்தி, திருகைத் திறந்து வைத்தபடியே கேஸ் வால்வைத் திறந்தால், அடியிலிருந்து ஏறும் கேஸ் பாட்டிலில் இருந்த காற்றை மேலே தள்ளிச் சீறிக்கொண்டு வெளியேறும். சில விநாடிகளில் திருகை மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, சீறல் தானே அடங்கும். அது அடங்கியதும் கேஸ் வால்வை மூடிவிட்டுப் பான வால்வைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் எதுவும் நடக்காது. “மாமா, அடைச்சிக்கிச்சா?” என்று அவன் கேட்டது அந்த இடத்தில்தான். இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருப்பதால் பானம் நகர்வதற்குக் காரணம் இல்லை. அது நகராமல் நிற்பதே எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். இனித் திருகை மயிரிழை அளவு தளர்த்த வேண்டும். உள்ளே அழுத்தம் சற்றே இறங்க, தண்டின் நுனியிலிருந்து பானம் சத்தமில்லாமல் பரவி ஏறத் தொடங்கும். இளம்பச்சைச் சாற்றின் மேல் விரல் கனத்துக்கு மட்டும் நுரை நிற்கும். திருகை இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் வேகம் கூடும், அதோடு நுரையும் கூடும்.

கழுத்து வரை நிரம்பியதும் பான வால்வை மூட வேண்டும். அதற்குப் பிறகு வரும் கட்டத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுவார்கள் என்று நினைக்கிறேன். பாட்டிலுக்குள் இன்னும் 25 பிஎஸ்ஐ இருக்கிறது. கார்க்கைச் சட்டென்று எடுத்தால் அத்தனை நேரம் பார்த்த வேலையும் கூரையில் இருக்கும். திருகைச் சிறிதாகத் திறந்து, சீறல் மெலிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அரை நிமிடம் போதும் என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். அது பீருக்குச் சரியாக இருக்கலாம். பீரில் கரைந்திருக்கும் கேஸ் பெரும்பாலும் அதன் கொள்ளளவில் இரண்டரை மடங்குதான். சோடாவில் அது நாலு மடங்கை நெருங்கும். மாங்காய் சோடாவுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே கொடுத்தேன். கண்ணாடியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பொடிக் குமிழிகள் கொத்தாகக் கிளம்பினால் உடனே திருகை மூடி, அவை அடங்கியதும் மறுபடி தளர்த்தினேன். அந்தச் சிறு திருகைக் கையாளும் பக்குவம்தான் இந்த வேலை முழுவதும். மற்றவை எல்லாம் வால்வைத் திறந்து மூடுவது.

தண்டை வெளியே எடுக்கும்போது, அது அடைத்திருந்த இடத்தின் அளவுக்குப் பான மட்டம் இறங்கி, மூடிக்குக் கீழே இருக்க வேண்டிய இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. பாட்டிலின் தோளில் ஒரு தட்டுத் தட்டினால் நுரை மெல்ல எழுந்து வாய் விளிம்பைத் தொடும். அந்த நுரையின் மேலேயே மூடியை வைத்து அழுத்திவிட வேண்டும். கழுத்தில் மிச்சமிருந்த காற்றை நுரை வெளியே தள்ளியிருக்கும் என்பதால், மாங்காயின் நிறமும் மணமும் சில நாள் மாறாமல் இருக்கும்.

முதலில் நிரப்பிய சில பாட்டில்கள் பொங்கத்தான் செய்தன. ஃப்ரிட்ஜுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓஸும் ஃபில்லரின் தலைப்பகுதியும் குளிரும்வரை அது தவிர்க்க முடியாதது. அவற்றைக் குடிப்பதற்கென்று ஒதுக்கிவிட்டோம். அதன் பிறகு ஒரே சீராக ஓடிற்று. நடுவில் மின்சாரம் போனபோதும் ஐஸ் இருந்ததால் வேலை நிற்கவில்லை. இடையில் நிறுத்தினால் மட்டும் ஓஸில் நிற்கும் பானம் சூடேறிவிடும். அதைக் குவளையில் பிடித்துவிட்டுத்தான் அடுத்த பாட்டிலைத் தொட வேண்டும்.

அடைத்த பாட்டிலில் கெடாமல் காக்கும் பதப்பொருள் எதுவும் சேர்க்கவில்லை. சர்க்கரை இருக்கும் இடத்தில் காட்டு ஈஸ்ட் ஒன்று தப்பியிருந்தாலும், அறைச் சூட்டில் அது நொதிக்கத் தொடங்கி, ஏற்கெனவே உள்ள அழுத்தத்தின் மேல் தன் பங்கையும் சேர்க்கும். கண்ணாடி பாட்டிலை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலிலும் கொஞ்சம் நிரப்பி அதே இடத்தில் வைக்கிறேன். நாளுக்கு நாள் அது கல்லாக இறுகினால் மற்ற பாட்டில்களுக்குள்ளும் அதுதான் நடக்கிறது என்று பொருள். பாலக்கோட்டுக்கு எடுத்துப் போனவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடிக் கொண்டு போனோம். விழா முடிந்து மிஞ்சியதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தபோது, ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைக்கக் கூடாது, ஒரு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்று சொல்லியே அக்கா கொடுத்தாள்.

வேலை முடிந்த அன்றே கெக்கில் வெந்நீர் ஊற்றி, அதே கேஸ் அழுத்தத்தில் ஓஸ், வால்வு, தண்டு எல்லாவற்றின் வழியாகவும் தள்ளிக் கழுவிவிட வேண்டும். மறுநாளைக்கு என்று விட்டால் சர்க்கரை காய்ந்து வால்வின் குண்டு இறுகிக்கொள்ளும். திருகில் உள்ள ரப்பர் வாசரை மட்டும் தனியே கழற்றித் தேய்க்கிறேன். மாங்காய் நார் கடைசியாகப் போய் ஒளிந்துகொள்ளும் இடம் அது.