மூக்குக்குக் கீழே

ஏப்ரல் 6, 2021, செவ்வாய்

காலை ஏழரைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போய்விட்டேன். வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். கையில் சானிடைசர் ஊற்றி, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறையும் கொடுத்தார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீன் ஆய இன்னொண்ணு தருவியாப்பா?" என்று கேட்டாள். தரவில்லை.

உள்ளே ஒருத்தர் விடாமல் மாஸ்க். ஐம்பது அடி தள்ளி டீக்கடையில் அத்தனையும் தாடைக்கு இறங்கியிருந்தன. போன வருஷம் தினமும் டிவியில் சென்னைக் கொரோனா கணக்கில் எங்கள் ராயபுரம் மண்டலத்தின் பெயர்தான் முதலில் வரும். எங்கள் பக்கம் தெருத் தெருவாகத் தகரம் அடித்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் பார்த்தது இதே ஜனம்தானா என்றிருந்தது.

ஏப்ரல் 11, ஞாயிறு

வியாழக்கிழமையிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. ஜூன் 14 வரை பெரிய போட்டு எதுவும் போகாது. அதனால் இன்று காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. அம்மாவின் கூடையை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். தையல்காரன் கண் துணி மேல்தான் போகும்.

மாஸ்க் இல்லாதவர்கள் குறைச்சல்தான். ஆனால் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். பேச வேண்டியிருந்தால் கீழே இழுக்கிறார்கள், பேசி முடித்ததும் மேலே ஏற்றிக்கொள்கிறார்கள். சும்மா இருப்பதைவிடப் பேசும்போதும் கத்தும்போதும்தான் வாயிலிருந்து துளி அதிகம் தெறிக்கும். சும்மா இருக்கும்போது மட்டும் பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள்.

நடுவில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அவர் நடக்க நடக்க, அவருக்கு நாலு ஆள் முன்னால் மாஸ்க்குகள் வரிசையாக மூக்குக்கு ஏறின. நாலு ஆள் பின்னால் வரிசையாக இறங்கின. அபராதம் 200 ரூபாய்.

அம்மாவிடம் கேட்டேன். "இத்தப் போட்டுக்கினு கூவுனா யாருக்குடா கேக்கும்? வஞ்சிரம்னா வவ்வாலான்றான்" என்றாள்.

ஏப்ரல் 17, சனி

விடிந்ததும் நடிகர் விவேக் செத்துப்போன செய்தி. முந்தாநாள்தான் ஓமந்தூரார் மருத்துவமனையில் கேமரா முன்னால் கொரோனா ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அடுத்த நாளே நெஞ்சைப் பிடித்துவிட்டது. இதயத்துக்குப் போகும் முக்கியக் குழாயில் நூறு சதவீத அடைப்பு, அது ஒரே நாளில் வருவதில்லை, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்லியும் எங்கள் தெருவில் யாரும் கேட்பதாக இல்லை.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை வேறு. இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து 45க்கு மேல் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றதும், தடை வந்தால் வேலை குறையும், அப்போது போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். இன்று டிவியை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "அவ்ளோ பெரிய ஆளுக்கே அப்டின்னா நானெல்லாம் இன்னா?" நான் வாதாடவில்லை. எனக்கே வயிற்றைக் கலக்கிற்று.

ஏப்ரல் 21, புதன்

நேற்றிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் ஊரடங்கு. கல்யாண ஜாக்கெட் ஆர்டர் இரண்டு கேன்சல். கை சும்மா இருந்ததால் அம்மாவுக்கு மாஸ்க் தைக்க உட்கார்ந்தேன்.

கடை மாஸ்க் எல்லா முகத்துக்கும் ஒரே அளவு. ஜாக்கெட்டுக்கு ஆளுக்கு ஆள் அளவெடுக்கிறோம், முகத்துக்கு எடுக்கக் கூடாதா? அம்மாவை உட்காரவைத்து டேப் வைத்தேன். மூக்குத் தண்டிலிருந்து தாடைக்கு அடி வரை, வாயை மூடியிருந்தால் நாலே முக்கால் இஞ்ச். "இப்ப கூவும்மா" என்றேன். முறைத்தாள். அப்புறம் வீடு அதிர "நெத்திலீ" என்று ஒரு கூவல். ஐந்தே முக்கால்!

விஷயம் அந்த ஒரு இஞ்சில்தான் இருக்கிறது. வாய் திறக்கும்போது தாடை கீழே போகிறது, துணியையும் கூட இழுக்கிறது, மூக்கு வெளியே வந்துவிடுகிறது. நாள் முழுக்க இழுத்து இழுத்து ஏற்றுவதற்குப் பதில் தாடையிலேயே விட்டுவிடுகிறார்கள். பத்து நாளாக ஜனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதி குற்றம் தையலில்.

ஆழமாக மூன்று மடிப்பு வைத்தேன். உள்ளே வெள்ளை டூ பை டூ பருத்தித் துணி, மொத்தம் மூன்று அடுக்கு. காதுக்கு எலாஸ்டிக் வேண்டாம், கம்மலில் மாட்டுகிறது. அதனால் பின்னால் கட்ட நாடா வைத்தேன். மூக்குக்குக் கட்டுக்கம்பி வைத்தால் இரண்டு துவையலில் துருப்பிடித்து மூக்கில் பழுப்புக் கோடு விழும். போன வருஷம் பட்டது. மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப்போட்ட செப்புக் கம்பியை வாங்கிவந்து மூன்று இழையாக முறுக்கி வைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வாய்க்கூடை போட்ட மாரி கீது" என்றாள். கழற்றவில்லை.

ஏப்ரல் 28, புதன்

போன ஞாயிறு முழு ஊரடங்கு. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அம்மாவுக்குப் பிழைப்பு. பக்கத்துக் கூடை அக்காவின் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இன்று காலை அம்மாவே ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

சுகாதார நிலையத்தில் நாற்காலிகள் காலி. ஏழு பேர்தான் இருந்தோம், நானும் சேர்த்து. எனக்கு வயசு இல்லாததால் ஆறு. கோவிஷீல்ட் பாட்டில் ஒன்றில் பத்து பேருக்கான மருந்து, திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டுமாம். "இன்னும் நாலு பேர் வந்தா உடைச்சிடுவேம்மா, உக்காருங்க" என்றார் நர்ஸ். அரை மணி போனது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய் கேட் பக்கத்தில் நின்று, மாஸ்க்கோடு, காசிமேட்டுக் குரலில் ஆரம்பித்தாள்: "யக்கா, நாலு பேரு போதும்க்கா! வந்து குத்திக்கினு போங்க!" குரல் மூன்றடுக்குத் துணியைத் தாண்டித் தெருக்கோடி வரை போனது. மூக்கும் வெளியே வரவில்லை. தைத்தவனுக்கு வேறென்ன வேண்டும்.

பால் வாங்க வந்த புருஷனும் பெண்டாட்டியும், ஒரு ஆட்டோக்காரர், எதிர்வீட்டு ஆயா. பத்து ஆனது.

இடது கையைச் சேலையிலிருந்து விலக்கியதும் நர்ஸ் விரலால் தொட்டுப் பார்த்தார். பழைய காலணா அளவில் இரண்டு வட்டத் தழும்பு. அம்மை குத்தியது. "எங்க ஆயா என்ன வலைக் குவியலுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. இருமலு வந்து மாட்டிக்கினேன்" என்று அம்மா சிரித்தாள். நம் நாட்டில் பெரியம்மை கடைசியாக வந்தது 1975ல். நர்ஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது, அந்தத் தழும்பு அவர் கையில் இல்லை. அதற்கு ஒரு விரல் கீழே புது ஊசி. அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள்.

ஏப்ரல் 29

அம்மாவுக்குக் காய்ச்சல். கை தூக்க முடியவில்லை. பாராசிட்டமால், ரசம் சாதம். "நீ சொன்னியேன்னு போனேன்" என்று பத்து தரம் சொல்லிவிட்டாள். நான் எங்கே சொன்னேன்?

மே 5

மாடிக் கொடியில் துணி எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவின் மாஸ்க், உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. இந்த நாட்களில் அது என்னவாக இருக்கும் என்று மனசு எங்கெல்லாமோ போய்விட்டது. கீழே ஓடிவந்து "எப்பேலருந்து ரத்தம் வருது?" என்று கத்தினேன். கண்ணைக் கொட்டிவிட்டு, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துக் காட்டினாள்.

வெற்றிலை. முன்னால் அவிழ்க்க முடியாததால் கீழேயிருந்து தூக்கிப் போட்டுக்கொள்கிறாளாம். முகத்துக்கு அளவெடுத்தவன் வெற்றிலையை மறந்துவிட்டேன்.

மே 14, வெள்ளி

10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. கடை சாத்திவிட்டேன். மளிகை, மீன் எல்லாம் நாளையிலிருந்து காலை பத்து மணி வரைதான். பக்கத்துக் கூடை அக்காவின் வீட்டுக்காரர் போய்விட்டார். முகத்தைப் பார்க்க விடவில்லை. அதற்கு மேல் எழுத வரவில்லை.

கோவிஷீல்ட் இரண்டாவது ஊசியின் இடைவெளியை நேற்று 12 முதல் 16 வாரம் வரை என்று மாற்றிவிட்டார்கள். அம்மாவிடம் ஆறிலிருந்து எட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள். "சீட்டுக்காரன் மாரி தேதிய தள்ளிக்கினே போறாங்க" என்கிறாள். இடைவெளி கூடினால் எதிர்ப்பு நன்றாக வரும் என்கிறார்கள். இருக்கலாம். ஊசியே தட்டுப்பாடாக இருக்கும் நேரத்தில் சொன்னால் ஜனம் அதைத்தான் நினைக்கும்.

ஜூன் 16, புதன்

18 வயதுக்கு மேல் எல்லாருக்கும் மே 1 முதல் என்றார்கள். இன்றுதான் எனக்குக் கிடைத்தது. அதுவும் மூன்றாவது தடவை போய். காலை ஐந்தரைக்கு வரிசை, கையில் பேனாவால் எழுதிய டோக்கன் 83. ஏப்ரலில் நாலு பேருக்காகத் தெருவில் கூவிய இடம். அம்மாவிடம் சொன்னேன். "அப்பவே நானு கூப்டேன், வந்தாங்களா?"

தடை முடிந்துவிட்டது. போட்டெல்லாம் போயிருக்கிறது.

ஜூலை 27, செவ்வாய்

தொண்ணூறாவது நாள், அம்மாவுக்கு இரண்டாவது ஊசி. இந்தத் தடவை காய்ச்சல் இல்லை. போனில் வந்த சான்றிதழைக் காட்டினேன். "என் போட்டோ எங்கடா? மோடி கீறாரு" என்றாள்.

திரும்பும் வழியில் காசிமேடு. அம்மா இப்போது போடுவது எட்டாவது மாஸ்க். உள்துணி மெரூன், வெற்றிலை பட்டாலும் தெரியாது. கூடைக்காரிகள் மூன்று பேர் அவளைத் திருப்பி நிறுத்தி நாடாவையும் மடிப்பையும் இழுத்துப் பார்த்தார்கள். அக்காவும் இருந்தார், நெற்றியில் பொட்டில்லாமல். கடைக்கு வந்தால் அளவெடுக்கிறேன் என்றேன்.

"கடைக்கு எவ வருவா? டேப்ப இங்க எடுத்தா" என்றார் ஒருத்தர். டேப் எப்போதும் பையில்தான் இருக்கும். மொத்தம் ஆறு ஆர்டர், எல்லாம் மெரூன். ஒன்று நாற்பது ரூபாய் என்றேன். அம்மாவே முப்பதுக்குப் பேசி முடித்துவிட்டாள், அவர்கள் பக்கம் நின்று. அக்காவுக்கு அளவெடுக்கும்போது கூவச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் கூவினார். ஆறு இஞ்ச்.