பிரிஞ்சிருந்தாங்களாங்ணா?

"தம்பி, இது ஸ்லோடைவ்தானுங்களே?"

பீளமேட்டு பேக்கரியில் டீயோடு நின்ற கல்லூரிப் பையனின் போனில் ஸ்லோடைவ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் அந்த கிட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாங்ணா என்றான்.

"இவங்க மறுபடி சேர்ந்தப்ப நாங்க எப்படித் துள்ளுனோம் தெரியுமா?"

"பிரிஞ்சிருந்தாங்களாங்ணா?"

அவனுக்குத் தெரியவே தெரியாது!

அவன் பிறப்பதற்கு முன்பே, 1995இல், மூன்றாவது ஆல்பத்தோடு கதை முடிந்திருந்தது. இங்கிலாந்துப் பத்திரிகைகள் கழுவி ஊற்றின, ரெக்கார்டு கம்பெனி கைவிட்டது. நாங்கள் கேட்க ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். இல்லாத குழுவுக்கு ரசிகர்கள்.

2014 ஜனவரியில் அவர்கள் மறுபடி சேர்கிற செய்தி வந்த ராத்திரி, ஈரோட்டு நண்பன் கூப்பிட்டான். பேச்சே வரவில்லை, அழுதான். நானும்தான்.

அந்த வருடமே பார்சிலோனாவில் ஐந்து பேரும் மேடையேறினார்கள். கடைசி ஆல்பத்துக்கு முன்பே விலகிப்போன டிரம்மர் சைமன் ஸ்காட்டும் கூட நின்றார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பழைய பாட்டை மட்டும் வாசித்துக் காசு பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் 2017இல், 22 வருடம் கழித்து, புது ஆல்பம் போட்டார்கள்.

பழசுக்கு ஒரு படிகூடக் குறையாத ஆல்பம் அது. அடித்துச் சொல்வேன்.