நத்தார் வான்கோழி மிஞ்சினால் ஒரு மக்கறோனி பேக்

நத்தாருக்கு வான்கோழி ரோஸ்ட் செய்த வீட்டில் மறுநாள் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் நெஞ்சிறைச்சிதான். தொடையும் காலும் முதல் நாளே முடிந்துவிடும். நெஞ்சில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் தடவை வேகும்போதே ஈரத்தில் ஒரு பகுதி போய்விடும். அடுத்த நாள் தாச்சியில் போட்டுச் சூடாக்கினால் நார்நாராகத் தொண்டையில் நிற்கும். குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தாலும் அது மிருதுவாகாது, இன்னும் இறுகும். அந்த இறைச்சிக்கு ஏற்ற இடம் வெள்ளைச் சோஸ்தான். சோஸ் மூடியிருக்கும்போது இறைச்சிக்கு நேரடிச் சூடு படாது, இருக்கிற ஈரமும் வெளியேறாது.

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலல் நாள் முடிந்ததும் வீடு வீடாக இதே வேலைதான் நடக்கும். ஸ்பகெட்டி, காளான், கிறீம், சீஸ் சேர்த்த ஒரு வகைக்கு லூயிசா டெட்ராசினி என்ற இத்தாலிய ஒப்பெராப் பாடகியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். திருகோணமலைக் கடைகளில் கிடைப்பதை வைத்துச் செய்ய கிறீம் தேவையில்லை. காளான் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இதில் சேரும் எல்லாமே ஏற்கெனவே வெந்தவை. அவணுக்கு இருக்கிற வேலை சூடாக்குவதும் மேற்பக்கத்தைச் சிவக்க வைப்பதும்தான். ஆகவே பேக் நன்றாக வருமா வராதா என்பது தட்டை உள்ளே வைக்கும் முன்பே முடிவாகிவிடும்: இறைச்சியை நத்தார் அன்று எப்படி எடுத்து வைத்தீர்கள், சோஸை எவ்வளவு தளர்வாக விட்டீர்கள் என்ற இரண்டிலும்தான் விசயம் இருக்கிறது.

இறைச்சி முதலில். மதியம் பரிமாறிய வான்கோழியை, வந்து போகிறவர்களுக்கென்று மூடி போட்டு மாலைவரை மேசையிலேயே விடுவது நம் வீடுகளில் வழக்கம். அப்படிக் கிடந்த இறைச்சியை இதற்கு எடுக்க வேண்டாம், எதற்குமே எடுக்க வேண்டாம். டிசம்பரில் வாடை மழை பெய்கிறது, குளிராக இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். சமையலறை என்னவோ 26, 27 பாகையில்தான் இருக்கும், பக்டீரியாவுக்கு அது நல்ல வசதியான சூடு. குறிப்பாகக் கிளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்ற வகையின் வித்துகள் சமையல் சூட்டில் சாகாமல் தப்பி, இறைச்சி மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். அவணிலிருந்து வெளியே எடுத்து 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். முழுதாகத் தூக்கி வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணித்தியாலம் எடுக்கும். எலும்பிலிருந்து கழற்றி, 5 சென்டிமீற்றருக்கு மேல் உயராதபடி அகலப் பாத்திரத்தில் பரப்பி மூடி வையுங்கள்.

மூடும்போது ரோஸ்ட் தட்டில் ஊறிய சாற்றில் ஒரு கோப்பையை மேலே ஊற்றிவிடுவது கெட்டித்தனம். இரண்டாம் நாள் வான்கோழியில் வரும் அந்தப் பழைய எண்ணெய் மணத்துக்குக் காரணம் அதன் கொழுப்பு காற்றுப் பட்டு ஒட்சியேற்றமடைவது. வான்கோழிக் கொழுப்பில் நிரம்பாத வகை அதிகம் என்பதால் மாட்டிறைச்சியைவிட இதில் அந்த மணம் சீக்கிரம் வரும். சாறு மூடியிருந்தால் காற்று குறைவாகவே படும்.

25ஆம் திகதி சமைத்தது 28, மிஞ்சிப் போனால் 29 வரை தாங்கும். புதுவருடத்துக்கு வேண்டுமானால் அன்றே பிரீசரில் போடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியபடி இருந்தால் 4 மணித்தியாலம் வரை உள்ளே குளிர் நிற்கும்.

எலும்புக்கூட்டை எறியக் கூடாது. உடைத்துப் பெரிய பானையில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு வெங்காயம், பத்து மிளகு, கொஞ்சம் சலரித் தண்டு சேர்த்து மெல்லிய நெருப்பில் 2 மணித்தியாலம் விடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிப்போகும். உப்புப் போட வேண்டாம், ரோஸ்ட் தோலிலேயே போதிய உப்பு இருக்கிறது. கடித்து வைத்த எலும்புகளை இதில் சேர்க்காமல் விடுங்கள். நேரமில்லையென்றால் சூப் கட்டி போடலாம். ஆனால் நத்தார்ச் சாப்பாடு பக்கத்துச் சைவ சமயத்தார் வீட்டுக்கும் போகிற ஊர் இது. மாட்டிறைச்சிக் கட்டியா கோழிக் கட்டியா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். முஸ்லிம் வீட்டுக்குக் கொடுப்பதானால் வான்கோழி ஹலாலாக அறுத்ததா என்பதே முதற் கேள்வி.

ஆறு பேருக்கு அளவு இது. கழற்றிய இறைச்சி 450 கிராம், மக்கறோனி 250 கிராம், பட்டர் 60 கிராம், கோதுமை மா 60 கிராம், பால் 700 மில்லிலீற்றர், எலும்புச் சாறு 300 மில்லிலீற்றர், துருவிய செடார் சீஸ் 150 கிராம், லீக்ஸ் இரண்டு, கரட் ஒன்று, உள்ளி மூன்று பல்லு, மிளகுதூள் ஒரு தேக்கரண்டி, சாதிக்காய்த் தூள் இரண்டு சிட்டிகை. மேலே தூவப் பாண் மூன்று துண்டும் இன்னும் 25 கிராம் பட்டரும். தட்டு 33க்கு 23 சென்டிமீற்றர். பசும்பால் இல்லையென்றால் 90 கிராம் முழு ஆடைப் பால்மாவை 700 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து வடித்தெடுங்கள். கொதிநீரில் போட்டால் பால்மா கட்டிபடும்.

இறைச்சியை விரலால் கிழிக்காமல் கத்தியால், நாருக்குக் குறுக்கே, ஒன்றரைச் சென்டிமீற்றர் துண்டாக வெட்டுங்கள். கிழித்தால் நீள நாராகவே நிற்கும். குறுக்கே வெட்டினால் நார் குட்டையாகிவிடும், வாயில் மிருதுவாகத் தெரியும்.

மரக்கறியை வதக்காமல் போடுவது பலரும் விடுகிற தவறு. தட்டின் அடியில் தண்ணீர் தேங்குவது அதனால்தான். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, மடிப்புகளுக்குள் இருக்கிற மண் போகக் கழுவி அரிந்து, கரட்டோடும் உள்ளியோடும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி வையுங்கள். காளான் சேர்த்தால் அது விடுகிற தண்ணீரும் முழுதாக வற்ற வேண்டும். கோவா போட வேண்டாம். வதக்கினாலும் அவணில் போய்த் தண்ணீர் விடும், மணமும் வேறாகிவிடும்.

மக்கறோனியை உப்புத் தண்ணீரில், பைக்கற்றில் எழுதியிருப்பதைவிட 2 நிமிடம் முன்பே இறக்குங்கள். மிச்சத்தை அது சோஸில் குடித்துக்கொள்ளும். சாதாரணக் கோதுமை மாவில் செய்த மலிவான வகை டியூரம் ரவையில் செய்ததைவிடச் சீக்கிரம் குழையும், அதற்கு 3 நிமிடம் முன்பே இறக்க வேண்டும்.

இனிச் சோஸ். சீனக்குடாவிலேயே மா ஆலை இருக்கிற ஊரில் கோதுமை மாவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மழைக்காலத்தில் ஈரம் பிடித்துக் கட்டிபட்டிருக்கும், அரித்து எடுங்கள். இடியப்பத்துக்கென்று அவித்து வைத்த மா வேண்டாம், பச்சை மாதான் வேண்டும். அடி கனத்த சட்டியில் பட்டரை உருக்கி, மாவைக் கொட்டி, மெல்லிய நெருப்பில் 2 நிமிடம் கிளறுங்கள். நிறம் மாறக் கூடாது, பச்சை மா மணம் மட்டும் போக வேண்டும். கொழுப்புக் குறைந்த மாஜரீன் இதற்குச் சரிவராது. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் மா வறுபடாமல் களியாகிவிடும்.

சட்டியை இறக்கி, இளஞ்சூட்டுப் பாலை முதலில் அரைக் கோப்பை மட்டும் ஊற்றி அடித்துக் கலக்குங்கள். பசை மாதிரி ஒன்றுசேர்ந்த பிறகு அடுத்த அரைக் கோப்பை. முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டிபடும். பட்டுவிட்டால் பதற வேண்டாம், கம்பி வடியில் வடித்துவிட்டால் போயிற்று. பாலும் சாறும் முழுதாகச் சேர்ந்ததும் மறுபடி அடுப்பில் வைத்து, கொதி வந்து 4 நிமிடம் கிளறுங்கள். அப்ப மாவின் தளர்வில் இருக்க வேண்டும். இதென்ன இவ்வளவு தண்ணியாக இருக்கிறதே என்று தோன்றினால் சரியான பதத்தில் இருக்கிறீர்கள். சட்டியிலேயே தடித்துக் கிடக்கும் சோஸ் அவணில் மக்கறோனிக்குள் போய்விட, துண்டு போட்டு வெட்டுகிற மாதிரிக் காய்ந்த ஒன்றுதான் மிஞ்சும். இந்த பேக்கைப் பற்றி வரும் குறைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவை.

சீஸில் 100 கிராமை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதிக்கிற சோஸில் போட்டால் எண்ணெய் பிரிந்து மணல்மணலாகும். முக்கோணத் துண்டுகளாக வரும் பதப்படுத்திய சீஸ் அப்படிப் பிரியாது, சோஸுக்குள் அது தாராளமாகப் போகலாம். மேலே போட்டால்தான் அழகாகச் சிவக்காது. மிளகு, சாதிக்காய் சேர்த்து, இறைச்சி, மரக்கறி, மக்கறோனி எல்லாவற்றையும் பிரட்டிய பிறகே உப்புப் பாருங்கள். அனேகமாகத் தேவைப்படாது.

நேற்றைய பாணை உதிர்த்து, பட்டரில் தாச்சியில் பொன்னிறமாக வறுத்து, மிச்சச் சீஸோடு தூவுங்கள். வறுக்காத தூள் சோஸின் ஆவியை உறிஞ்சி ஊறிப்போகும்.

அவணை 180 பாகைக்கு முன்சூடாக்கி, நடுத் தட்டில் 25 முதல் 30 நிமிடம். ஓரங்களில் குமிழி வர வேண்டும், நடுவில் 74 பாகை சூடு ஏற வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் கத்தியை நடுவில் பத்து விநாடி குத்தி வைத்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். முதல் நாளே கலந்து பிரிட்ஜில் வைத்ததென்றால் பாண்தூளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அலுமினியத் தாளால் மூடி 45 நிமிடம், திறந்து 10 நிமிடம். கண்ணாடித் தட்டைக் குளிரிலிருந்து நேரே சூட்டு அவணில் வைத்தால் வெடிக்கும். எடுத்ததும் பரிமாறாமல் 10 நிமிடம் ஆற விடுங்கள், சோஸ் அப்போதுதான் பிடிக்கும்.

அவண் இல்லாத வீட்டில் அகலப் பானைக்குள் ஒரு வளையம் வைத்து, அதன்மேல் அலுமினியத் தட்டை வைத்து, மூடி, மெல்லிய நெருப்பில் 35 நிமிடம் விடலாம். மேற்பக்கம் சிவக்க, தட்டையான உலோக மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்ப வேண்டும். தணல் இல்லையென்றால் சிவப்பை மறந்துவிட்டு, வறுத்த பாண்தூளைப் பரிமாறும்போது தூவுங்கள்.

ஒரு தடவை சூடாக்கியதைத் திரும்பவும் சூடாக்குவது வேண்டாம். நாலு பேருக்கே தேவையென்றால் இரண்டு சிறிய தட்டாகப் பிரித்து, ஒன்றைப் பேக் செய்யாமல் பிரீசரில் வையுங்கள். பரிமாறும்போது பக்கத்தில் புளிப்பாக ஏதாவது இருக்கட்டும். அச்சாறு மிகவும் பொருந்தும், தக்காளி சோஸ் பரவாயில்லை.

வான்கோழியை ரோஸ்ட் செய்யாமல் தூள் போட்டுக் கறியாக வைத்திருந்தால் வெள்ளைச் சோஸை நினைக்கவே வேண்டாம். கறித்தூளும் புளியும் பாலோடு சேர்ந்து திரிந்த மாதிரி ஆகிவிடும். அதற்கு இடியப்பக் கொத்துதான் வழி: இறைச்சியைப் பிய்த்துப் போட்டு, லீக்ஸும் முட்டையும் சேர்த்து, கறியின் குழம்பைக் கடைசியில் ஊற்றிக் கொத்துங்கள்.