அக்சஸ் படிவம் அப்படியே, அட்டவணை மட்டும் போஸ்ட்கிரெஸில்

எங்கள் ஊர் அறக்கட்டளை நூலகத்தில் புத்தகம், உறுப்பினர், இரவல் எல்லாம் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஒரே கோப்பில் இருந்தன. இரண்டு கணினிகளில் அதைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது வைஃபை துண்டித்தால் கோப்பு பழுதாகிவிடும். மூன்றாம் முறை பழுதானதும், தரவைப் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாற்றிவிடலாம் என்றேன். நூலகர் அக்கா ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, என் ஃபார்ம் மட்டும் மாறிடக் கூடாது. பத்து வருஷமா கை பழகினது."

ஆக, படிவங்கள் அக்சஸிலேயே இருக்கும். அட்டவணைகள் சர்வருக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே ஓடிபிசி டிரைவர், அதாவது இரண்டையும் பேசவைக்கும் இணைப்பு மென்பொருள்.

முதல் நாள் முழுக்க 'கட்டமைப்பு பொருந்தவில்லை' என்ற பிழையிலேயே போனது. விண்டோஸ் 64 பிட்தான், ஆனால் அங்கிருந்த ஆபீஸ் 32 பிட். டிரைவர் எந்த பிட் என்பதை விண்டோஸைப் பார்த்து அல்ல, ஆபீஸைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இதில் ஒரு குழப்பம் வேறு: ஓடிபிசி அமைப்புக் கருவி இரண்டு இடங்களில் ஒரே பெயரில் இருக்கிறது. சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பது 64 பிட். சிஸ்வாவ்64-இல் இருப்பதுதான் 32 பிட்.

இணைப்பு கிடைத்ததும் நூல் தலைப்புகளெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. நான் தேர்ந்தெடுத்திருந்தது தமிழ் எழுத்துகளைக் கையாளாத ஆன்சி டிரைவர். யூனிகோட் டிரைவருக்கு மாற்றினேன், தமிழ் வந்துவிட்டது.

உண்மையில் பயந்தது அதற்குப் பிறகுதான். இரவல் அட்டவணையைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் 'டெலீட்டட்' என்று நின்றது. தரவே அழிந்துவிட்டதோ என்று சர்வரில் போய் எண்ணிப் பார்த்தேன். வரிசைகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியை 'பிக்இன்ட்' என்ற மிகப் பெரிய எண் வகையில் வைத்திருந்தேன். அங்கிருந்த பழைய அக்சஸுக்கு அந்த வகை தெரியாது. அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, அந்தச் சாவியை வைத்து வரிசையைத் திரும்பத் தேடும்போது கிடைக்காமல் 'அழிக்கப்பட்டது' என்று காட்டிவிடுகிறது. ஒரு நூலகத்துக்கு சாதாரண இன்டீஜரே தாராளம். மாற்றினேன், சரியானது.

அடுத்து, பழைய பதிவைத் திருத்திச் சேமித்தால் 'வேறொருவர் இதை மாற்றிவிட்டார்' என்று எச்சரிக்கை. அப்போது நான் ஒருவன்தான் உள்ளே இருந்தேன். அக்சஸ் சேமிக்கும்போது பழைய மதிப்புகளையும் அனுப்பி, 'இவை அப்படியே இருந்தால் மட்டும் மாற்று' என்கிறது. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோவினாடி வரை வைத்திருக்கிறது. அந்தப் பழைய அக்சஸ் வினாடியோடு நின்றுவிடுகிறது. பொருந்துமா? டிரைவர் அமைப்பின் இரண்டாம் பக்கத்தில் 'ரோ வெர்ஷனிங்' என்ற பெட்டியில் டிக் அடித்தேன்; அப்போது மதிப்புகளுக்குப் பதில் வரிசையின் பதிப்பு எண்தான் ஒப்பிடப்படும். அதோடு, 'திருப்பித் தந்தாரா' என்ற ஆம்/இல்லை புலத்துக்காக ஆம்/இல்லையை எழுத்தாகக் காட்டும் 'பூல்ஸ் ஆஸ் சார்' என்பதை நீக்கி, 'ட்ரூ இஸ் மைனஸ் 1' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அக்சஸுக்கு ஆம் என்றால் -1.

மாற்றியும் எச்சரிக்கை நிற்கவில்லை. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அக்சஸ், இணைத்த அன்றிருந்த டிரைவர் அமைப்பை ஒவ்வோர் அட்டவணையின் இணைப்பிலும் எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு நாம் மாற்றுவது அதற்குத் தெரிவதில்லை. இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். 'டெலீட்' பொத்தானை அழுத்தும்போது கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் போவது இணைப்பு மட்டுமே, சர்வரில் உள்ள அட்டவணையை அது தொடுவதில்லை. புதிதாக இணைத்தபின் அட்டவணைப் பெயருக்கு முன்னால் 'பப்ளிக்' என்று ஒட்டிக்கொண்டு வரும். பழைய பெயருக்கு மாற்றினால்தான் படிவங்கள் அடையாளம் கண்டுகொள்ளும்.

சனிக்கிழமை மாலை அக்கா தன் மேசையில் ஓர் இரவலைப் பதிந்தார். நான் அடுத்த கணினியில் அதே பதிவைத் திறந்து தேதியைத் திருத்தினேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அக்கா திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதை மாத்தினே?" என்றார்.