எட்டு வாரம் என்றால் நாற்பது நாள்தான்: பேராசிரியரிடம் கோடை இன்டர்ன்ஷிப்

கோடை இன்டர்ன்ஷிப் எட்டு வாரம். சனி, ஞாயிறு போனால் நாற்பது நாள். லேப் பழக ஒரு வாரம், ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் கழித்தால் கையில் மிஞ்சுவது முப்பது. இந்தக் கணக்கு தெரிந்தவர் ‘வைகையில் உள்ள பாக்டீரியாக்கள்’ என்று தலைப்பு கேட்கமாட்டார். வண்டியூர் கண்மாய்க் கரையில் மூன்று இடத்து மண், ஒரே கேள்வி: கிராமுக்கு எத்தனை பாக்டீரியா? அதுவே முப்பது நாளுக்குச் சரியாக இருக்கும்.

மே மாதம் சேர ஜனவரியிலேயே மெயில் போக வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஃபெலோஷிப் என்றால் அதற்கும் முன்னால், வழக்கமாக நவம்பர் வாக்கில். ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்’ என்று ஒரே மெயிலை இருபது பேருக்குத் தட்டினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பத்து வரி போதும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அவருடைய பேப்பர் ஒன்றில் எது புரிந்தது, எது புரியவில்லை. புரியாததை எழுதுபவருக்குத்தான் பதில் வரும் என்பது எங்கள் கணிப்பு. மார்க்‌ஷீட்டும் ஒரு பக்க பயோடேட்டாவும் ஒரே பிடிஎஃப்பாக. பத்து நாள் கழித்து ஒரு ரிமைண்டர், அதோடு சரி. சம்மதம் கிடைத்ததும் துறைத்தலைவரிடம் போனஃபைடு (இந்தக் கல்லூரி மாணவர்தான் என்ற சான்று) வாங்கி, செமஸ்டர் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரியர் பேப்பர் நடுவில் வந்து நிற்கும்.

மண்ணைக் காலை எட்டு மணிக்குள் எடுத்து, ஐஸ் பெட்டியில் வையுங்கள். லேப் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் என்றால், அது தேனி ரோட்டில் இருக்கிறது. பஸ்ஸில் மே மாத வெயிலோடு போய்ச் சேர்வதற்குள் பையில் இருக்கும் மண் வேறு மண்ணாகிவிடும்.

அடுத்து பாக்டீரியாவை வளர்க்கும் பிளேட். அதற்கான உணவுக் கலவை நியூட்ரியன்ட் அகார், லிட்டருக்கு 28 கிராம். பத்து பிளேட்டுக்கு 200 மில்லி, அதாவது 5.6 கிராம். 500 மில்லி ஃபிளாஸ்க்கில் போடுங்கள். சின்ன ஃபிளாஸ்க் என்றால் ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) பொங்கி, வாயை அடைத்த பஞ்சு நனையும், நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி இறங்கும். 121 டிகிரி, 15 நிமிடம். கையில் பிடிக்கிற சூட்டுக்கு, 45–50 டிகிரிக்கு, வந்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூடியில் வேர்த்துச் சொட்டி, பிறகு வளரும் காலனிகள் (பாக்டீரியா பெருகித் தெரியும் புள்ளிகள்) ஒன்றோடொன்று கலந்துவிடும். உறைந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

இனி மண்ணைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்வது: முதல் டியூபில் ஒரு கிராம் மண், 9 மில்லி ஸ்டெரைல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்). அதிலிருந்து ஒரு மில்லி, 9 மில்லி சலைன் உள்ள அடுத்த டியூபுக்கு, இப்படியே ஐந்தாவது டியூப் வரை. ஒவ்வொரு டியூபுக்கும் பிப்பெட்டில் புது டிப். ஐந்தாவது டியூபில் 0.1 மில்லி எடுத்து பிளேட்டில் பரப்பி 85 காலனி வந்தால், கிராமுக்கு 8.5 கோடி. பாதிப் பேர் 85 லட்சம் என்று எழுதுவார்கள், 0.1 மில்லிக்கான பத்தால் பெருக்க மறந்திருப்பார்கள். 30-க்குக் கீழோ 300-க்கு மேலோ வந்த பிளேட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் நோட்டில் எழுதுங்கள். பிளேட்டில் பெயர், தேதி மூடியில் அல்ல, அடித்தட்டில். மூடி மாறும்.

சந்தேகம் வந்தால் முதலில் லேபில் பிஎச்டி செய்யும் ஸ்காலர் அக்காவிடமோ அண்ணனிடமோ கேளுங்கள். சாரிடம் வாரம் ஒருமுறை ஒரு பக்கம் போதும்.

நோட்டு லேபிலேயே இருக்கும். அனுமதி கேட்டு ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்ட்டிஃபிகேட் வாசகத்தைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே டைப் செய்து கொடுங்கள். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று பார்த்து, அப்படியே.