ஆக்சிமீட்டர் எல்லா விரலையும் ஒரே மாதிரி படிப்பதில்லை

கொரோனா காலத்தில் யாருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை, யார் வீட்டிலேயே இருக்கலாம் என்பதைப் பல இடங்களில் விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரே முடிவு செய்தது. 94-க்கு மேல் என்றால் வீடு, கீழே இறங்கினால் வார்டு. கறுத்த தோலில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

கருவி விரலுக்குள் இரண்டு ஒளிகளை அனுப்புகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் சிவப்பை. மறுபக்கம் வந்து சேரும் இரண்டின் விகிதத்தை, தன்னார்வலர்களிடம் முன்பே அளந்துவைத்த கணக்கோடு ஒப்பிட்டுத்தான் எண் வருகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர்தோல்காரர்கள் என்றால், கறுத்த தோலுக்குக் கணக்கு தப்பும். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-இல் தந்த வழிகாட்டலின்படி, 10 பேரை வைத்துச் சோதித்தால் அதில் 2 பேர் கறுத்த தோலினராக இருந்தாலே போதும். இவ்வளவு பேர் உயிர் தொங்கும் கருவிக்கு இது மிகக் குறைவு.

2020 டிசம்பரில் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரின் சோதனைகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரின் சோதனைகளில் 11.7 சதவீதம். ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டவருக்காவது இந்த ரத்தப் பரிசோதனை உண்டு. இடம் கிடைக்காமல் வீட்டில் கிடந்தவருக்கு விரலில் மாட்டிய கருவி மட்டும்தான். பிழையின் முழுச் சுமையும் அவர் தலையில்தான் விழுந்தது.

வீட்டில் அளக்கும்போது நகப்பூச்சை அழித்துவிட்டு, 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைந்து எண் தாவும். உழைத்துக் காய்த்துப்போன தடித்த தோலும் அளவைக் கெடுக்கலாம், அதனால் மென்மையான விரலாகப் பாருங்கள். நேர் வெயில் படாமல், எண் ஓரிடத்தில் நிற்கும்வரை சுமார் ஒரு நிமிடம் கையை அசைக்காதீர்கள்.

ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். ஒரே விரலில், ஒரே கருவியில் காலை, மதியம், இரவு எழுதி வையுங்கள். 98-இல் இருந்தவர் 95-க்கு வந்தால், 94-க்கு மேலே இருந்தாலும் அது இறக்கம்தான். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 30-ஐத் தாண்டினால், கருவி என்ன சொன்னாலும் காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் குறைந்து உடலில் நீலம் பாய்வது கறுத்த தோலில் எளிதில் வெளியே தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். மருத்துவரிடம் பேசும்போது அன்றைய எண்ணோடு நிறுத்தாமல், எழுதி வைத்த எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுங்கள்.